கல்யாணத்தோட சிரிப்பும் முடிஞ்சிடுமா?



போன மாசம் எங்க வீட்டுக்கு ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், பையனுக்கும் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, ஜாதகமும் பொருந்தியிருந்தது. என் மகள் மட்டும் "இப்ப வேணாம்மா" என்று ஒரே பிடியாக நின்றாள். மனசில் வேறு யாராவது இருக்கிறார்களோ என்று பயந்து, துருவித் துருவிக் கேட்டேன். கடைசியில் சொன்னாள்: "அதெல்லாம் இல்லம்மா. டிவியில பாக்கறேன்ல, கல்யாணம் ஆகிற வரைக்கும்தான் எல்லாரும் சிரிக்கிறாங்க. தாலி ஏறின மறுநாள்லேருந்து அழுகைதான். எனக்கு அது வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. தினமும் சாயங்காலம் அந்தப் பெட்டியைப் போட்டுவிடுவது நான்தானே!

இதே பெண் மூணாவது படிக்கும்போது எங்க வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2011 நவம்பரில் விஜய் டிவியில் 'சரவணன் மீனாட்சி' ஆரம்பித்தது. அதே டிவியில் முன்னால் வந்த 'மதுரை' தொடரில் சரவணன், மீனாட்சியாக வந்த செந்திலையும் ஸ்ரீஜாவையும் ஜனங்களுக்குப் பிடித்துப்போனதால், அந்த ஜோடியை வைத்தே தனித் தொடர் எடுத்தார்கள். பெரிய பங்களா இல்லை, விஷம் வைக்கிற வில்லி இல்லை. நம்ம பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேர். ஒருத்தரை ஒருத்தர் சீண்டுவதும், கோவித்துக்கொள்வதும், பெரியவர்களுக்குத் தெரியாமல் பேசிக்கொள்வதும்தான் கதை.

என் மாமியார் அதிகம் சிரிக்க மாட்டார். புருஷன் பெண்டாட்டி நாலு பேர் எதிரில் பேசிக்கொண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற காலத்து மனுஷி. அந்தத் தொடரைப் பார்க்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். "இந்தப் பய என்னமா பேசறான் பாரு!" என்பார். என் வீட்டுக்காரர் என்னை "இந்தா"ன்னு கூப்பிடுவாரே தவிர பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 2012-ல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருநாள் கதை சூடாகப் போகும்போது கரண்ட் போய்விட்டது. இருட்டில் இவர், "மீனாட்சி, கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா" என்றாரே பார்க்கணும்! அத்தையும் சிரித்தார், நானும் சிரித்தேன். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து எங்க மூணு பேரையும் சேர்த்துச் சிரிக்க வைத்த தொடர் அது.

விட்டுப்போன கதையை மறுநாள் சின்ன வெங்காயம் ஆயும்போதுதான் கேட்டுக்கொள்வோம். ஆளாளுக்கு ஒரு அபிப்பிராயம். "வயசுப் பொண்ணு இருக்கிற வீட்டுல இந்தக் காதல் பேச்செல்லாம் எதுக்கு?" என்பார் எதிர்வீட்டுப் பெரியம்மா. "அடிச்சுக்கிட்டு அழறதைப் பாக்கலாம், ஆசையாப் பேசறதைப் பாக்கக் கூடாதா?" என்பாள் என் ஓரகத்தி. சரவணனுக்கும் மீனாட்சிக்கும் கல்யாணம் நடந்தபோது எங்க தெருவே சொந்த வீட்டு விசேஷம் மாதிரி உட்கார்ந்து பார்த்தது. அதற்கப்புறம்தான் "இழுக்கறாங்கடி" என்ற பேச்சு வந்தது.

2013-ல் இரண்டாம் பாகம் வந்தது. இர்ஃபான் நாயகனாக வந்தார், அப்புறம் கவின் வேட்டையனாக வந்தார். நாயகி ரச்சிதா. 2016-ல் மூன்றாம் பாகம், அதே ரச்சிதாவுக்கு ஜோடி ரியோ. 2018-ல் ஒருவழியாக முடித்தார்கள். கவினின் குறும்பு எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஜோடி சேர்ந்ததும் அந்தக் கதை தீர்ந்தது என்று அதே பெயரில் புது ஜோடியைத் தேடியது மட்டும் எனக்கு உறுத்தியது. சேர்ந்து வாழ்வதில் சொல்ல ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது தோழிகளே. முதல் சரவணனும் மீனாட்சியும், அதாவது செந்திலும் ஸ்ரீஜாவும், 2014-ல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள். கதை முடிந்த இடத்தில்தான் அவர்கள் வாழ்க்கை ஆரம்பித்தது.

இன்னொரு உதாரணம். 2024 செப்டம்பரில் அமேசான் பிரைமில் 'தலைவெட்டியான் பாளையம்' என்று எட்டுப் பாகத் தொடர் வந்தது. 'பஞ்சாயத்' என்ற இந்தித் தொடரின் தமிழ் வடிவம். பட்டணத்துப் பையன் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்கு ஊராட்சிச் செயலராக வந்து படும் பாடுதான் கதை. என் மகள்தான் போனில் போட்டுக் காட்டினாள். அதில் தலைவியம்மாவாக தேவதர்ஷினி, அவர் புருஷனாக சேத்தன். பதவி அம்மாவுக்கு, அதிகாரம் ஐயாவுக்கு! அந்த நடுத்தர வயசுத் தம்பதி பேசுகிற பேச்சில் காதல் வசனம் கிடையாது. குத்தலும் கேலியும்தான். ஆனால் பாசம் தெரிகிறது. இவர்களும் நிஜத்தில் கணவன் மனைவி. இந்தத் தொடரை எடுத்த நாகாவின் 'மர்மதேசம்' தொடரில் நடிக்கும்போது பழகி மணந்தவர்கள். 1990-களின் கடைசியில் 'ரமணி வெர்சஸ் ரமணி' என்று புருஷன் பெண்டாட்டி ரகளையை வைத்தே சிரிக்க வைத்தவரும் இதே நாகாதான்.

ஆக, கல்யாணத்துக்கு அப்புறமும் சிரிக்க விஷயம் இருக்கிறது. எடுக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அப்படியும் ராத்திரி ஆனால் மாமியார் மருமகள் சண்டைதான். எங்க ஊர்க் கோட்டைப் பக்கம் 1751-ல் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் சண்டை போட்டார்களாம். அதுகூட ஒருநாள் முடிந்துவிட்டது, சீரியல் சண்டை முடிகிற வழியைக் காணோம்!

"நீங்க பாக்கறதாலதானே எடுக்கறோம்" என்பார்கள். நியாயம்தான். தப்பில் பாதி நம்முடையது. பகலெல்லாம் வெங்காயம் ஆய்ந்து வடிக்கிற கண்ணீர் போதாதென்று, ராத்திரியும் உட்கார்ந்து அழுகிறோம். கூடவே நம்ம பெண் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். காதல் தொடர் பார்த்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று அன்றைக்குப் பெரியம்மா பயந்தார். இன்றைக்கு அழுகைத் தொடர் பார்த்து என் பெண் கல்யாணம் என்றாலே பயப்படுகிறாள். எது பெரிய கெடுதல்?

நான் ஒரு காரியம் செய்தேன். அன்று ராத்திரி டிவியை அணைத்துவிட்டு, அந்த இருட்டு ராத்திரி கதையை மகளிடம் சொன்னேன். "அப்பாவா அப்படிச் சொன்னாரு?" என்று நம்பாமல் கேட்டாள். சண்டை போட்ட கதைகளையும் மறைக்காமல் சொன்னேன். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. "பையன்கிட்ட ஒரு தடவை பேசிப் பாக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பேசட்டும். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறோமே, சேர்ந்து சிரிக்க முடிகிறதா என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

தோழிகளே, உங்க வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். சீரியல்காரர்கள் சொல்லாவிட்டால் போகிறது, நீங்களாவது உங்க பெண்ணுக்குச் சொல்லுங்கள்.

– ஒரு குடும்பத்தலைவி, ரஞ்சன்குடி