ரூட்டரின் பூட்டைத் திறக்க வேண்டும்

இணைய இணைப்புக்கு எழுதிக் கொடுத்த குடும்பத்துக்குக் கேபிள்காரரோ கம்பெனி ஊழியரோ வந்து சுவரில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் ரூட்டர் என்னும் சிறு பெட்டிக்குள் முழுக் கணினி ஒன்று இருக்கிறது என்பதையும், அத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது யாவருக்கும் உரிமையான லினக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளே என்பதையும், அவ்வாறிருந்தும் விலை கொடுத்தவர் அதைப் பார்க்கவோ திருத்தவோ இயலாதபடி பூட்டப்பட்டிருக்கிறது என்பதையும் மதுரையில் எத்தனை பேர் அறிவார்கள்? இந்தப் பூட்டு நியாயமற்றது. பொதுப் பணத்தில் வாங்கப்படும் ரூட்டர்களிலேனும் அதற்கு இடமளிக்கலாகாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.

கணினிப் பிரியர் சிலருடைய பொழுதுபோக்கு விஷயம் என்று இதை ஒதுக்குவோர் நம் அருகிலேயே நடந்த ஒன்றை நினைவுகூர்தல் நலம். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனியிலுள்ள தன் கிளையிலிருந்தபடியே டாக்டர்கள் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களுக்கு வரும் கிராமத்து நோயாளிகளை வீடியோ வழியே கண்டு ஆலோசனை கூற வேண்டுமென்று சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் விரும்பியபோது, அதற்குத் தகுந்த இணைப்பு அவ்வூர்களில் இல்லை. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எரிக் புரூவரின் குழுவினர் மலிவான வைஃபை ரேடியோக்களையும் லினக்ஸ் ஓடும் சிறு பலகைகளையும் கோபுரங்களில் ஏற்றி அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தார்கள். ஆனால் வைஃபை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புழங்குவதற்கென வகுக்கப்பட்டது. அனுப்பிய ஒவ்வொரு தகவல் பாக்கெட்டுக்கும் வந்து சேர்ந்ததென்ற ஒப்புகையை அது எதிர்பார்க்கும். பல கிலோமீட்டர் கடந்து ஒப்புகை திரும்புவதற்குள் கெடு முடிந்துவிட, அனுப்பியதையே மறுபடி அனுப்பும். ஒரே கோபுரத்தில் இரு திசை நோக்கி இரண்டு ஆன்டெனாக்கள் இருந்தாலோ, ஒன்று பேசும் இரைச்சலில் மற்றொன்று தனக்கு வந்ததைக் கேட்க இயலாது போகும். ரேடியோவை இயக்கும் டிரைவர் மென்பொருளின் மூல நிரல் கைக்குக் கிடைத்தமையால் குழுவினர் இந்த விதிகளையே மாற்றியெழுதினார்கள்: பேசுவதற்கும் கேட்பதற்கும் நேர முறை வகுத்தார்கள், பாக்கெட் ஒன்றுக்கு ஓர் ஒப்புகை என்பதை விடுத்துப் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்புகை போதுமென்று செய்தார்கள். அதே சாதனத்தின் வேகம் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை உயர்ந்ததென்று அவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வுரை கூறுகிறது. மூல நிரல் மூடியிருந்தால் தேனிப் பக்கத்துக் கண் நோயாளிக்கு அந்த உபகாரம் கிட்டியிராது.

நாம் கேட்பது எவருடைய தயவையும் அன்று. லிங்க்ஸிஸ் கம்பெனி 2002-இல் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற ரூட்டரில் லினக்ஸ் இருப்பதை மறு ஆண்டே ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்; பெற்றதைப் பிறர்க்கும் தர வேண்டும் என்ற லினக்ஸ் உரிமத்தின் நிபந்தனைப்படி கம்பெனி மூல நிரலை வெளியிட நேர்ந்தது. ரூட்டர்களுக்குத் திறந்த மென்பொருள் ஆக்கித் தரும், 2004-இல் தோன்றிய ஓபன்டபிள்யூஆர்டி என்னும் பொது முயற்சி அந்த விதையிலிருந்து முளைத்ததுதான். லிங்க்ஸிஸை வாங்கிய சிஸ்கோவின் மேல் இதே உரிமத்தை முன்னிட்டு 2008-இல் வழக்குத் தொடரப்பட்டு, அடுத்த ஆண்டு சமரசமாயிற்று.

இன்று பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர் ஓபன்டபிள்யூஆர்டியின் மூல நிரலை இறக்கி, தம் ரூட்டரின் மாடலைக் குறித்து, வேண்டாததை நீக்கி வேண்டியதைச் சேர்த்துத் தமக்கென ஃபர்ம்வேர் என்னும் உள்ளியக்க மென்பொருளை ஆக்கிக்கொள்ளலாம். முதல் தடவை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரையே முதலில் ஆக்க வேண்டியிருப்பதால் மணிக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். பழைய மலிவுப் பெட்டிகளில் ஃபிளாஷ் 4 எம்பி மாத்திரமே இருக்கும். அதற்குள் அடக்குவதற்கு எதை விடுவது, எதை வைப்பது என்று எண்ணிப் பார்ப்பதே நல்ல பயிற்சி. ஏற்றும்போது பிழை நேர்ந்து பெட்டி மூச்சற்றுக் கிடந்தால், மூடியைக் கழற்றிப் பலகையில் மூன்று புள்ளிகளில் சீரியல் கம்பியை வைத்து, பெட்டியைத் துவக்கிவைக்கும் பூட்லோடரை எழுப்பிப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். நம் கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் இது பாடமாக வேண்டும்.

பூட்டினால் வரும் பாதுகாப்புக் குறை மேலும் கவலைக்குரியது. 2017 ஜூலையில் கர்நாடகத்தில் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களின் மோடங்கள் தீய மென்பொருளுக்கு இரையாயின. ஆரம்பத்தில் வைத்த பாஸ்வேர்டே மாறாமல் கிடந்தமை காரணமாயிற்று, அதை மாற்றும்படி நிறுவனமே கேட்டுக்கொண்டது. பாஸ்வேர்டைப் பயனாளர் மாற்றிவிடலாம். ஃபர்ம்வேரிலேயே ஓட்டை இருந்து, தயாரித்தவரும் திருத்தம் தருவதை நிறுத்திவிட்டால், பூட்டிய பெட்டியை வைத்திருப்பவர் செய்யத்தக்கது யாதொன்றும் இல்லை.

ரேடியோவைத் திருத்தவிட்டால் அலைவரிசை ஒழுங்கு குலையும் என்பது ஓர் ஆட்சேபம். அதில் உண்மை உண்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 முதல் நம் நாட்டில் உரிமம் இன்றிப் புழங்கினாலும், சக்தியின் உச்ச வரம்பு சட்டத்தால் கட்டுப்பட்டதே, அதை மீறுவோர் தண்டிக்கப்பட வேண்டியவர்களே. ஆனால் அதற்காக மென்பொருள் முழுவதையும் பூட்டுவது அவசியமன்று. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் சக்தி வரம்பு குறித்து டிபி-லிங்க் கம்பெனிக்கு 2016-இல் 2,00,000 டாலர் அபராதம் விதித்தபோதே, பிறர் ஆக்கிய ஃபர்ம்வேருக்கு வழிவிடவும் அக்கம்பெனியை உடன்படச் செய்தது. ஜெர்மனியிலோ அதே ஆண்டு ஆகஸ்டு முதல், இணைப்பு தருபவர் கொடுக்கும் ரூட்டரையே வைத்திருக்க வேண்டுமென்ற கட்டாயத்தைச் சட்டமே நீக்கிவிட்டது.

சாமானியருக்கு இதெல்லாம் எதற்கு என்பது மற்றோர் ஆட்சேபம். மேலூர் விவசாயி தம் பம்புசெட்டுக்குத் தாமே காயில் கட்டுவதில்லை. கட்டத் தெரிந்தவரிடம் கொண்டுபோக அவருக்கு உரிமை இருக்கிறது, அந்த உரிமையினால் பல ஊர்களில் பலர் பிழைக்கிறார்கள். ரூட்டருக்கும் அந்த உரிமை வந்தால் டவுன்ஹால் ரோட்டிலோ உசிலம்பட்டியிலோ அத்தொழில் தழைக்காது என்று சொல்லக் காரணமில்லை.

தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை வழியே இணையம் கொண்டுசெல்லும் திட்டத்தைச் சர்க்கார் மேற்கொண்டிருக்கிறது. ஊராட்சி அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சர்க்கார் வாங்கும் ரூட்டர்களுக்கான டெண்டரில் மூன்று நிபந்தனைகள் இடம்பெற வேண்டும்: உரிமப்படி மூல நிரல் ஒப்படைக்கப்படுதல், பூட்லோடர் பூட்டப்படாதிருத்தல், இத்தனை ஆண்டுக்குத் திருத்தம் தருவோம் என்ற எழுத்து மூலமான உத்தரவாதம். 2024-இல் ஓபன்டபிள்யூஆர்டி முயற்சியாளர்களே விற்பனைக்குக் கொணர்ந்த ரூட்டர், பிழை நேர்ந்தாலும் மீட்டுக்கொள்வதற்கென அழியாத தனி ஃபிளாஷ் ஒன்றுடன் வந்திருப்பதால், இது ஆகாத காரியம் என்ற சமாதானமும் இனிச் செல்லாது. மதுரைப் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் பிரஸ்தாபிக்க வேண்டும். புதிய ரூட்டர் வாங்கும் வாசகர்களும் அதில் ஓபன்டபிள்யூஆர்டி ஏறுமா என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுக்குமாறு வேண்டுகிறோம்.