காய்ச்சல் குழந்தைக்கு ஆஸ்பிரினா?

குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், பெரியவர்கள் தின்னும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது அநேக வீடுகளில் வழக்கம். அது ஆஸ்பிரினாயிருந்தால் என்ன நேரும் என்று யோசிக்க வேண்டாமா?

1963-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் ரை என்பவர், 21 குழந்தைகளுக்குக் கண்ட ஒரு வியாதியை விவரித்து எழுதினார். அது முதல் அதற்கு அவர் பெயரே வழங்குகிறது. இன்ஃபுளுயன்ஸாவோ சின்னம்மையோ தணியும் சமயத்தில் ஓயாத வாந்தி, மயக்கம், பிதற்றல், வலிப்பு காணும், மூளை வீங்கும், ஈரலில் கொழுப்பேறும், உயிரும் போகலாம்.

அமெரிக்காவில் 1979-80-ல் 555 குழந்தைகளுக்கு இது கண்டது. அங்கே விதியென்று சும்மா இருந்தார்களா? இவ்வியாதி வந்தவர்களையும், அதே காய்ச்சல் கண்டும் இது வராதவர்களையும் ஒப்பிட்டுக் கணக்கெடுத்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆஸ்பிரின் தின்றவர்கள்! 1982-ல் சர்க்கார் எச்சரித்தும், கம்பெனிகளின் ஆட்சேபணையால் மாத்திரைப் புட்டியில் எச்சரிக்கை அச்சாக 1986 ஆயிற்று. 1994 முதல் 1997 வரையிலோ வருஷத்திற்கு இரண்டு பேருக்கு மேல் காணவில்லை.

ஆஸ்பிரின் தின்ற குழந்தைகளுக்கெல்லாம் இது வருவதில்லை என்பது மெய்தான். அதற்காகப் பரீட்சை பார்ப்பதா? ஆகவே, 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடாதீர்கள். மாத்திரையின் பெயரைப் படியுங்கள்; படிக்கத் தெரியாதவர்கள் கேட்க வெட்கப்படாதீர்கள். மேற்சொன்ன குறிகள் கண்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.