திட்டுவதும் நாம்தான், விட்டுக்கொடுக்காததும் நாம்தான்: கிள்ளான்காரர்களின் கணக்கு

கிள்ளானில் நடக்கும் கல்யாண விருந்துகளில் ஒரு மேசையாவது இப்படி இருக்கும். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் மண்டபத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் ஊரைத் திட்டத் தொடங்குவார். லோரி, சாலைக் குழி, ஆற்று நாற்றம், வெள்ளம், வராத ரயில் என்று பட்டியல் நீளும். மற்றவர்கள் தலையாட்டியபடி ஆளுக்கொரு குறையைச் சேர்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து சுபாங் ஜெயாவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர், "ஆமாங்க, கிள்ளான்னாலே அப்படித்தான்" என்று சொன்னால் போதும், மேசை அமைதியாகிவிடும். இவ்வளவு நேரம் திட்டியவரே, "உங்க ஊர்ல இந்த விலைக்கு இப்படி ஒரு வாழையிலைச் சாப்பாடு கிடைக்குமா?" என்று எதிர்க்கேள்வி கேட்பார்.

நானும் கிள்ளான்காரன்தான். அந்த மேசையில் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன். இதை ஊர்ப்பாசம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால், உள்ளே வேறு ஒரு கணக்கும் இருக்கிறது. இந்த ஊரில் நம்மை வதைப்பது எதுவோ, பெரும்பாலும் அதுதான் நமக்குச் சோறும் போடுகிறது.

முதலில் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். 1901ஆம் ஆண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. 2023ஆம் ஆண்டு இங்கே கையாளப்பட்ட கொள்கலன்கள், இருபது அடிக் கணக்கில், 1 கோடியே 40 லட்சத்தைத் தாண்டின. இவற்றில் கப்பல் மாறிப் போய்விடாமல் உள்நாட்டுக்கு வந்துபோகும் பெட்டிகளில் பெரும்பகுதி லோரி மூலமாகத்தான் ஊருக்குள் வந்து வெளியேறுகிறது. ஜாலான் காப்பாரிலும் பண்டமாரான் பக்கத்துச் சாலைகளிலும் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தாய்க்கு அந்த எண்ணிக்கையின் பொருள் நன்றாகத் தெரியும். வலது பக்கம் ஒரு கொள்கலன் லோரி, இடது பக்கம் ஒரு குழி, நடுவில் அவர்.

அதே வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். லோரி ஓட்டுநராக இருப்பார். இல்லையென்றால் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுவார், சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கிராணியாக இருப்பார். இரவில் தாமான் சாலையோரம் நிற்கும் லோரித் தலையைப் பற்றிப் புகார் செய்ய நினைக்கும் அண்டை வீட்டுக்காரர், அந்த லோரிக்காரரின் மகனும் தன் மகனும் ஒரே வகுப்பு என்பதால் பேசாமல் இருந்துவிடுவார். லோரி நிறுத்த முறையான இடம் ஒதுக்காதது யார் குற்றம் என்ற கேள்வி இரண்டு அண்டை வீட்டுக்காரர்களின் சங்கடமாகச் சுருங்கிவிடுகிறது.

இந்த நெரிசல் குறையப்போவதாகத் தெரியவில்லை. பூலாவ் இண்டாவில் உள்ள வெஸ்ட்போர்ட்ஸ் தன் கொள்ளளவை ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம் கொள்கலன்களிலிருந்து 2 கோடியே 70 லட்சமாக உயர்த்தும் விரிவாக்கத்தில் இறங்கியிருக்கிறது. வேலை வரும், மறுப்பதற்கில்லை. ஆனால், கூடுதல் பெட்டிகள் எந்தச் சாலையில் போகும்? கோத்தா பாருவிலிருந்து 665 கிலோமீட்டர் நீளத்துக்கு வரும் கிழக்குக் கரை ரயில் பாதை கிள்ளான் துறைமுகத்தில்தான் முடிகிறது. சரக்கில் ஒரு பங்கை அது தண்டவாளத்துக்கு மாற்றினால் கொஞ்சம் மூச்சு விடலாம். அது வரும்வரை ஜாலான் காப்பார்தான்.

அடுத்தது தண்ணீர். உலு கிள்ளானிலும் கோம்பாக்கிலும் கோலாலம்பூர் நகருக்குள்ளும் பெய்யும் மழை கடைசியில் நம் வாசல் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. ஏறக்குறைய 120 கிலோமீட்டர் ஓடிவரும் கிள்ளான் ஆற்றின் கடைசி ஊர் நாம். மேலே இருப்பவர்கள் போட்ட குப்பையும் நம்மிடம்தான் வந்து சேர்கிறது. ஓஷன் கிளீனப் என்ற நெதர்லாந்து அமைப்பின் மிதக்கும் குப்பை வாரும் இயந்திரம் 2019 முதல் நம் ஆற்றில் வேலை செய்வது சும்மா இல்லை. அதோடு இது தாழ்வான நிலம். பெரிய கடல் பெருக்கின்போது கடல் மட்டம் ஐந்து மீட்டரைத் தாண்டும். அந்த நேரத்தில் மழையும் சேர்ந்தால் ஆற்று நீர் வெளியேற வழியில்லாமல் பின்வாங்கும், லோங்காங் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

2021 டிசம்பரில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. மேருவிலும் ரந்தாவ் பாஞ்சாங்கிலும் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கூரை மேல் ஏறி நின்றவர்கள் நம் உறவினர்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தாமான் ஸ்ரீ மூடா இருப்பது கிள்ளான் மாவட்டத்தில், ஆனால் அதை நிர்வகிப்பது ஷா ஆலம் மாநகர் மன்றம். படகு வரவில்லை என்று யாரிடம் கேட்பது என்பதே பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குத் தெரியவில்லை. அந்த வாரம் படகு வைத்திருந்தவர், நான்கு சக்கர வண்டி வைத்திருந்தவர், கோயில் மண்டபத்தில் அண்டா ஏற்றியவர் எல்லாரும் இறங்கி வேலை செய்தார்கள். "கிள்ளான்காரன்னா இப்படித்தான்" என்ற பெருமையை அந்த வெள்ளம் கொடுத்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு கேள்வி மறைந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நாமே சமைத்து நாமே படகு விட்டுச் சமாளித்துவிடுவோம் என்று தெரிந்தால், தண்ணீர் இறைக்கும் பம்பைப் பழுது பார்க்க யார் அவசரப்படுவார்கள்?

வடிகால் என்பது இந்த ஊரின் மிகப் பழைய வழக்கு. 1901இல் சதுப்பு நிலத்தில் துறைமுகத்தைத் திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவி வேலையாட்கள் விழத் தொடங்கினார்கள். அப்போது இங்கே மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, தேங்கிய நீரை வடியவைத்துத்தான் நோயைக் கட்டுப்படுத்தினார். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நம் தாமான் கூட்டங்களில் முதல் பேச்சு லோங்காங்தான்.

ரயில் கதை வேறு விதம். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையில் ரயில் ஓடத் தொடங்கியது 1886இல், அதுவும் முதலில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புக்கிட் கூடா வரைதான். அவ்வளவு மூத்த ரயில் ஊர், இன்று தலைநகருக்குப் போக கொம்யூட்டரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. பண்டார் உத்தாமாவிலிருந்து ஜொகான் செத்தியா வரையிலான மூன்றாவது எல்ஆர்டி பாதை 2020இல் ஓடும் என்றார்கள். 2018இல் செலவைக் குறைக்க ஐந்து நிலையங்களை வெட்டினார்கள், அதில் நம் புக்கிட் ராஜாவும் ஒன்று. 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அந்த ஐந்தும் திரும்பி வந்தன. ரயில் ஓடும் தேதி மட்டும் 2025க்கும், பிறகு அதற்கு அப்பாலும் நகர்ந்தது. வீட்டு விற்பனை விளம்பரத்தில் எல்ஆர்டி படம் பார்த்து வீடு வாங்கியவர்கள், மாதத் தவணையோடு கூட்டரசு நெடுஞ்சாலையில் பெட்ரோலையும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவை கண்ணுக்குத் தெரியும் குறைகள். கெட்ட பெயர் என்பது அப்படித் தெரியாத ஒரு குறை. வேலை நேர்முகத்தில் முகவரியைப் பார்த்ததும், "ஓ, கிள்ளானா?" என்று கேட்கும் அந்த ஒரு நொடியை நம் பிள்ளைகள் பலர் அனுபவித்திருக்கிறார்கள். குண்டர் கும்பல் ஊர் என்ற முத்திரையைச் சினிமாவும் நகைச்சுவைத் துணுக்குகளும் பெரிதாக்கின என்பது உண்மை. முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அந்த முத்திரையில் நம் இளைஞர்களில் ஒரு பகுதியினர் பெருமை தேடிக்கொண்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியூர்க்காரர் சொன்னால் கோபம் வருகிறது. உள்ளூரில் ஒரு பையன் அதையே சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் சிரித்துவிட்டுப் போகிறோம். இரண்டும் ஒரே மனம்தான்.

இந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் கதை தோட்டத்துக்குப் போகிறது. கிள்ளானைச் சுற்றி ரப்பரும் பிறகு செம்பனையும் இருந்த காலத்தில் நம் தாத்தாக்களுக்கு ஊர் என்றால் லயன் வீடு, கோயில், பால்மரம். 1941இல் இந்த வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கேட்டார்கள். துரை வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். ஆர்.எச். நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. புகார் சொல்லத் தெரியாத சமூகம் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது.

பிறகு தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. புக்கிட் ராஜா தோட்டம் இருந்த இடத்தில் இன்று பண்டார் புக்கிட் ராஜா. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் பலருக்குக் கட்டுப்படியானது மலிவு விலை ஃபிளாட்தான். லிப்ட் பழுதானால் நான்காம் மாடியில் முடங்கிப்போகும் பாட்டிக்கு இந்த ஊர் எப்படியிருக்கும்? ஆனால் அந்தப் பாட்டியைக் கேட்டால், "இங்கதான் நம்ம ஆளுங்க இருக்காங்க" என்பார். அது வெறும் பேச்சு அல்ல. நாட்டு மக்களில் இந்தியர்கள் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு. கிள்ளானில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். பேரப்பிள்ளைக்கு சிம்பாங் லீமா போன்ற பெரிய தமிழ்ப்பள்ளி இருக்கிறது. கிளினிக்கிலும் மளிகைக் கடையிலும் தமிழில் பேசலாம். இறப்பு வீட்டுக்கு அரைமணி நேரத்தில் நாற்பது பேர் வந்துவிடுவார்கள். பெட்டாலிங் ஜெயாவில் இரண்டு மடங்கு வாடகை கொடுத்தாலும் அந்த நாற்பது பேர் கிடைக்க மாட்டார்கள்.

ஆகவே, "பிடிக்கவில்லை என்றால் வேறு ஊருக்குப் போக வேண்டியதுதானே" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போக முடிந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். இருப்பவர்களில் சிலர் விரும்பி இருக்கிறார்கள், சிலர் வேறு வழியில்லாமல் இருக்கிறார்கள். பெரும்பாலோர் இரண்டுக்கும் இடையில். அந்த இடைநிலையில் இருப்பவருக்குத்தான் ஊரைத் திட்டும் உரிமை அதிகம்.

2024 பிப்ரவரி 5ஆம் தேதி கிள்ளான் அரச மாநகராகப் பிரகடனமானது. நகராண்மைக் கழகம் மாநகர் மன்றமானது. அதே மாதம் பா குட் தே தேசிய மரபுரிமை உணவுகளில் ஒன்றானது, கிள்ளான் சீனர்கள் இரட்டை மகிழ்ச்சியில் இருந்தார்கள். நம் பக்கத்தில் எழுந்த கேள்வி வழக்கமானது: பலகை மாறியது, மதிப்பீட்டு வரி ஏறுமா, குப்பை லோரி நேரத்துக்கு வருமா? கிண்டலாகக் கேட்டாலும் சரியான கேள்விதான். 2020 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் தொகை 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மாநகர் என்று பெயர் வைத்தால் மாநகருக்குரிய அளவுகோலால்தான் மக்கள் அளப்பார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாநகர் மன்ற உறுப்பினரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டன, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்தே போயின. குழியை மூடாத உறுப்பினரை அடுத்த முறை வீட்டுக்கு அனுப்ப வழியில்லை. அதனால்தான் நம் கோபம் ஓட்டுப்பெட்டிக்குப் போகாமல் தேநீர் கடைக்கும் கல்யாண மேசைக்கும் போகிறது. அங்கே கொட்டிவிட்டு, நிம்மதியாகி, வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

எழுத்தில் வைத்த புகார்களும் கூட்டமாகக் கேட்ட கேள்விகளும் சில நேரம் பலித்திருக்கின்றன. கிள்ளான் மக்கள் ஆண்டுக்கணக்கில் முணுமுணுத்த சுங்கை ராசாவ் டோல் 2018 ஜனவரி 1ஆம் தேதி அகற்றப்பட்டது. பொதுத்தேர்தல் நெருங்கிய நேரம் என்பது தற்செயல் என்று யாராவது நம்பினால் நம்பட்டும். வெட்டப்பட்ட புக்கிட் ராஜா நிலையம் திரும்பி வந்ததும் அந்த வகையில் சேரும். ஆக, என் பார்வையில் குறை சொல்வது தவறே இல்லை. சொல்லும் இடம்தான் பிசகுகிறது. புகைப்படம், தேதி, சாலைப் பெயர், புகார் எண் ஆகியவை இல்லாத கோபம் மன்றத்தின் கோப்பில் ஏறாது. லோங்காங் அடைப்பு பற்றி மன்றத்துக்கு எழுத நம் தாமான்களில் எத்தனை பேருக்குப் பழக்கம் இருக்கிறது? எழுத நினைத்தாலும் மலாயில் மனு எழுதத் தயங்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். கோயில் நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ மாதம் ஒருநாள் ஒரு மேசை போட்டு அந்த உதவியைச் செய்தால் பெரிய செலவில்லை. வெள்ளத்தில் அண்டா ஏற்றத் தெரிந்தவர்களுக்கு இது கடினமான வேலையும் அல்ல.

என் சித்தப்பா மகன் பத்து ஆண்டுகளுக்கு முன் செத்தியா ஆலமுக்குக் குடிபோய்விட்டான். அகலமான சாலை, வரிசையான மரங்கள், வெள்ளம் இல்லை. நிர்வாகத்தில் அது ஷா ஆலம். யாராவது கேட்டால் இன்னும், "நான் கிள்ளான்" என்றுதான் சொல்கிறான். சனிக்கிழமை தவறாமல் ஜாலான் தெங்கு கிளானாவுக்கு வருவான். பூமாலை, வெற்றிலை, ஒரு கிலோ முறுக்கு, தெரிந்த கடையில் தேநீர். கார் நிறுத்த அரைமணி நேரம் ஆனது என்று போன வாரம் திட்டித் தீர்த்தான். இந்த வாரமும் வருகிறான். சீக்கிரமே வந்தால் இடம் கிடைக்குமாம், ஏழரைக்கே கிளம்பிவிடுவானாம்.