இணையக் கடையின் சாவி யார் கையில்?

கடைக்கு வாடகை கொடுப்பவர் நீங்கள். சரக்கும் உங்களுடையது. ஆனால் சாவிக் கொத்து மட்டும் வேறு ஒருவர் இடுப்பில் இருக்கிறது. அவர் ஊரை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

"இப்படியும் யாராவது வியாபாரம் செய்வார்களா?" என்று கேட்பீர்கள். இணையத்தில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள்!

பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்குப் பேர் போன ஊர். 2020-ம் ஆண்டில் அந்தச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே ஒரு சிற்பி, தன் வேலைப்பாட்டை உலகுக்குக் காட்ட ஓர் இணையதளம் வைக்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து மாவட்டமான அரியலூரில், கங்கைகொண்டசோழபுரம் கோவிலுக்கு வருவோருக்கு வாடகைக் கார் விடும் ஒருவருக்கும் அதே ஆசை.

இருவரும் யாரிடமோ பணத்தைக் கொடுத்து, "எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். வினை இங்கேதான் தொடங்குகிறது.

தளத்தின் முகவரி அந்த ஆளின் பெயரில் பதிவாகிறது. கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கிறது. நாளைக்கு அவர் போனை எடுக்காவிட்டால் விலையை மாற்ற முடியாது. புதுப் படம் சேர்க்க முடியாது. ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் முகவரியே கைவிட்டுப் போய்விடும்!

ஆகவே நீங்களோ, உங்கள் வீட்டுப் பிள்ளைகளோ, ஒரு முறையாவது இந்த வேலையைக் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

என்ன வேலை?

'வேர்டுபிரஸ்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 2003-ல் மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் தொடங்கியது. உலகத்து இணையதளங்களில் பத்துக்குச் சுமார் நான்கு அதில்தான் நடக்கின்றன. அதற்கு விலை கிடையாது. தமிழிலும் கிடைக்கிறது.

இணையத்தில் இடம் வாடகைக்குத் தரும் கம்பெனியில் முதலில் ஒரு கணக்கு எடுக்க வேண்டும். வேர்டுபிரஸ் கோப்புகளை அந்த இடத்தில் ஏற்ற வேண்டும்.

அடுத்து, ஒரு தரவுத்தளம் உண்டாக்க வேண்டும். இது கடையின் பேரேடு மாதிரி. நீங்கள் எழுதுவதெல்லாம் இதில்தான் தங்கும். இதற்கு ஒரு பெயர், ஒரு பயனர், ஒரு கடவுச்சொல் உண்டு. இவற்றை 'டபிள்யூ.பி. கான்ஃபிக்' என்ற கோப்பில் பதிய வேண்டும்.

பிறகு உங்கள் தளத்தின் முகவரியைத் திறங்கள். தளத்துக்கு என்ன பெயர், நிர்வாகி யார் என்று கேட்கும். பதில் கொடுத்தால் கடை திறந்துவிடும். அவ்வளவுதான்!

பொத்தான் போதாதா?

"ஒரு பொத்தானை அழுத்தினால் இதெல்லாம் தானே நடந்துவிடுமே! ஏன் இந்தச் சிரமம்?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். பொத்தானை அழுத்துவது தப்பில்லை. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று பொத்தான் சொல்லித் தராது. ஒருநாள், 'தரவுத்தளத்தோடு தொடர்பு இல்லை' என்று திரையில் வரும். கையால் நிறுவியவருக்கு எந்தக் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். மற்றவர் ஆளைத் தேடி அலைவார்.

வாடகை கட்டுப்படியாகவில்லையா? கோப்புகளையும் தரவுத்தளத்தையும் எடுத்துக்கொண்டு வேறு கம்பெனிக்குக் குடிபோகலாம். இதுவும் கையால் செய்தவருக்குச் சுலபம்.

நிறுவிவிட்டால் மட்டும் போதாது. புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்க வேண்டும்.

நேரமில்லாதவர்கள் ஆள் வைத்துச் செய்துகொள்ளட்டும். ஆனால் நான்கு சாவிகளை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். முகவரிப் பதிவு உங்கள் பெயரில் இருக்கட்டும். வாடகைக் கணக்கு, தரவுத்தளம், நிர்வாகி ஆகிய மூன்றின் கடவுச்சொற்களையும் ஒரு நோட்டில் எழுதி, நிலப் பத்திரத்தோடு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். கூலி கொடுக்கும் முன்பே இதைச் செய்யுங்கள்.