நீளத்தில் இல்லை ஆயுள்

டெலோமியர் நீண்டால் ஆயுள் நீளும் என்கிறார்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து நடைப்பயிற்சிக்காரர்களின் வாட்ஸ்அப் வரைக்கும் இந்த அருள்வாக்கு வந்துவிட்டது. குரோமோசோமின் முனையில் இருக்கும் டெலோமியர் ஒவ்வொரு செல் பிரிவிலும் தேயுமாம். மாத்திரை போட்டு அதை வளர்த்தால் இளமை திரும்புமாம். காயகற்பக் கதை கேட்டு வளர்ந்த காதுக்கு இது இனிக்காமல் போகுமா?

இதில் முதல் பாதி உண்மை. அதுதான் தொல்லையே. டெலோமியர் தேய்வது நிஜம். அதை மறுபடி நீட்டும் டெலோமரேஸ் என்ற நொதியைக் கண்டறிந்த ஆய்வுகளுக்காக எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் சோஸ்டாக் மூவரும் 2009இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிறவிக் கோளாறால் டெலோமியர் மிகக் குட்டையாக இருப்பவர்களுக்கு எலும்பு மஜ்ஜை செயலிழக்கிறது, நுரையீரல் தழும்பேறுகிறது. குட்டையானால் நோய் என்பதால் நீளமானால் நலம் என்று தாவுகிறார்களே, அங்கேதான் புரட்டு. ஆய்வுக்கூட எலியின் டெலோமியர் நம்முடையதைவிடப் பல மடங்கு நீளம். அது இரண்டு மூன்று வருஷத்தில் செத்துப்போகிறது.

குரோமோசோம் முனையின் பிரச்சினை வேறு. டி.என்.ஏ. இழை எங்கே அறுந்தாலும் செல் ஓடிவந்து ஒட்டும். முனையும் பார்வைக்கு அறுந்த இடம் போலத்தான் இருக்கும். அதையும் ஒட்டிவிட்டால் இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாகும்; செல் பிரியும்போது இரு பக்கமும் இழுபட்டு மறுபடி உடையும், மறுபடி ஒட்டும். மக்காச்சோளத்தில் பார்பரா மெக்ளின்டாக் இந்தக் கேட்டை 1930களிலேயே பார்த்துவிட்டார். ‘இது உடைப்பு அல்ல’ என்று செல்லுக்கு உணர்த்துவது ஷெல்டரின் என்ற ஆறு புரதங்களின் கூட்டு. டைட்டியா டி லாங்கேயின் ஆய்வகம் அதில் ஒன்றான டி.ஆர்.எஃப்.2-வை மட்டும் முனையிலிருந்து விலக்கிப் பார்த்தது. டெலோமியர் தேய்ந்து தீரவில்லை. ஆனாலும் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காவல் போனபின் நீளம் இருந்து என்ன பயன்?

செல் பிரிவை நடத்தும் புரதங்களுக்கும் இந்தக் காவலில் பங்கு உண்டு. டொராண்டோவில் டேனியல் டுரோஷேயின் குழு 2014இல் காட்டியது இது: செல் பிரியும் நேரத்தில் சி.டி.கே.1, பி.எல்.கே.1 என்ற புரதங்கள், அறுந்த இழையை ஒட்டும் வேலையில் முக்கியமான 53பி.பி.1 என்ற புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றி அதை ஒதுக்கி வைக்கின்றன. ஆய்வாளர்கள் அந்தத் தடையை வலிந்து நீக்கினார்கள். டெலோமியர்கள் ஒட்டிக்கொண்டன. பழுது பார்ப்பதையே சற்று நிறுத்தி வைத்தால்தான் அந்த நேரத்தில் மரபணுத் தொகுதி பிழைக்கும். பழுது பார்ப்பதே கேடாகலாம் என்பதை விழுப்புரம் பக்கத்துப் பனமலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய அவர்கள் ஊர்த் தாளகிரீசுவரர் கோயிலில் பார்வதி ஓவியம் சிதைந்தும் மிஞ்சியிருக்கிறது; திருப்பணி என்ற பெயரில் அடித்த சுண்ணாம்புக்கும் மணல்வீச்சுக்கும் பலியான ஓவியமும் கல்வெட்டும் தமிழ்நாட்டில் எத்தனையோ.

இனி மாத்திரைக்கு வருவோம். டெலோமரேஸைத் தாராளமாக வைத்திருக்கும் செல் எது தெரியுமா? புற்றுநோய்க் கட்டிகளில் பத்தில் ஒன்பது வரை அந்த நொதியை முடுக்கிவிட்டுத்தான் சாகாமல் பெருகுகின்றன. ஷெல்டரினின் இன்னொரு புரதமான பி.ஓ.டி.1-இல் பிறவி மாற்றம் உள்ள குடும்பங்களில் டெலோமியர் வழக்கத்தைவிட நீளம். மெலனோமா என்ற தோல் புற்றும் அவர்களுக்கு அதிகம். ஆகவே மாத்திரை வேலை செய்யாவிட்டால் காசு போனதோடு சரி. செய்துவிட்டால்தான் கவலை.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், அதே 2009இல் வேதியியல் நோபல் பெற்றவர், முதுமை ஒழிப்பு வியாபாரத்தின் மிகைப் பேச்சை 2024இல் வெளியான தம் நூலில் நிதானமாகக் கேள்வி கேட்டிருக்கிறார். நிதானம் அவருக்கு அழகு. எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. டெலோமரேஸைத் தூண்டுவதாக விற்ற ஒரு மாத்திரையின் விளம்பரத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2018இலேயே நடவடிக்கை எடுத்தது. சரக்கு இங்கே இணையத்தில் வேறு வேறு பெயரில் வருகிறது. கூடவே ‘உங்கள் உண்மையான வயது’ சொல்லும் டெலோமியர் பரிசோதனை. அதில் பெரும்பாலும் அளப்பது ரத்த வெள்ளணுக்களின் சராசரி நீளம். ஒரே வயதுள்ள இரண்டு பேரிடம் அது வெகுவாக வேறுபடும். பிறந்த தேதியைப் பிறப்புச் சான்றிதழே சரியாகச் சொல்லும்போது அதற்கு எதற்கு ஆயிரக்கணக்கில் செலவு?