அருவிக்கு வரும் கூட்டமும் அணைப் பாசன விவசாயியும்

விடுமுறை நாள் என்றால் கல்வராயன் மலைப்பாதையில் வேன்களும் கார்களும் வரிசையாக ஏறுகின்றன. மேகம் அருவி, பெரியார் அருவி, கரியாலூர் படகுத்துறை என்று பார்த்துவிட்டு மாலையில் இறங்கிவிடுகிறார்கள். வந்தவர்களுக்கு அது ஒருநாள் உல்லாசம். மலையில் குடியிருக்கும் விவசாயிக்கும், அடிவாரத்தில் பயிர் செய்யும் விவசாயிக்கும் அது பிழைப்போடு சேர்ந்த விஷயம்.

கல்வராயன் தேசியப் பூங்கா அல்ல. காப்புக்காடும் பட்டா நிலமும் கலந்து கிடக்கும் மலை. கல்படை, பொட்டியம், மல்லிகைப்பாடி, பரங்கிநத்தம் ஆகிய ஓடைகளின் நீர்தான் கோமுகி அணைக்கு வருகிறது. 1965ல் கட்டப்பட்ட இந்த அணையின் உயரம் 46 அடி. கள்ளக்குறிச்சி வட்டாரத்து நெல்லும் கரும்பும் இதை நம்பி இருக்கின்றன. மேலே ஓடையில் வீசும் பாலித்தீன் பை மழை வெள்ளத்தில் அடித்து வந்தால் மதகில் வந்து அடைக்கும். உடைந்த பாட்டில், சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்ணின் காலைத்தான் பதம் பார்க்கும்.

மலை விவசாயியின் நிலை இன்னொரு விதம். ஜாகீர் ஆட்சி 1976ல் முடிந்தது, வறுமை முடியவில்லை. மானாவாரியில் சாமையும் மரவள்ளியும்தான் பெரும்பாலோருக்கு. கிழங்கை அடிவாரத்து ஆலைக்கு ஏற்றினால் மாவுச்சத்துப் புள்ளி பார்த்து ஆலைக்காரர் விலை சொல்கிறார். கடுக்காய், புளி, தேன் எல்லாம் இடைத்தரகர் சொன்ன விலைக்குப் போகின்றன. வாங்கும் சக்தி உள்ளவர்கள் வாசல் வழியாகவே போகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருப்பது டவுனில் வாங்கி வந்த பொட்டலம்.

சுற்றுலாவே வேண்டாம் என்பது நடக்காத காரியம். பெரிய ஓட்டல்கள் வந்தால் ஊர் முன்னேறும் என்பதும் சரியல்ல. கூட்டம் பெருகிய பிறகு கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதை நீலகிரி காட்டுகிறது. காலி மதுபாட்டில்களால் வன விலங்குகள் காயப்பட்டதால், பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வசூலித்து, திருப்பிக் கொடுத்தால் அதைத் தரும் முறை அங்கே 2022ல் வந்தது. 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்வராயன் மலைக்கு அந்தக் கதி வருமுன் யோசிப்பது நல்லது.

நல்ல வழிக்கு உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோவை மாவட்டம் காரமடையை அடுத்த பில்லூர் அணைப் பகுதியில் பரளிக்காடு உள்ளது. அங்கே வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து சுற்றுலா நடத்துகிறார்கள். முன்பதிவு செய்தவர்களுக்கே இடம். பரிசல் ஓட்டுவது ஊர்க்காரர். சமைத்துப் பரிமாறுவது ஊர்ப் பெண்கள். வருமானத்தில் ஊருக்குப் பங்கு உண்டு. ஆகவே காட்டைக் காப்பதிலும் ஊருக்கு அக்கறை உண்டு.

கல்வராயனிலும் இதைச் செய்ய முடியும். அருவிக்கு வழிகாட்டும் வேலை மலை இளைஞர்களுக்கே கிடைக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் சாமைச் சோறும் அவித்த கிழங்கும் விற்கலாம். தேனையும் புளியையும் நிறுத்து நேராகவே கொடுக்கலாம். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுப்பணத்தில் சேர வேண்டும். ஓடைக்கரையில் கட்டடம் கூடாது. பாலித்தீனையும் பாட்டிலையும் அடிவாரத்திலேயே சோதித்து நிறுத்த வேண்டும்.

இதற்குச் சட்டத்தின் துணையும் இருக்கிறது. 2006ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை வனவாசிகளுக்கு அளித்துள்ளது. நீர்நிலைகளைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுத்துள்ளது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பாமல், மலை மக்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டு வர வேண்டும். அடிவாரத்துப் பாசன சங்கங்கள் தங்கள் ஆதரவை மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தர வேண்டும்.

மலைக்காரர் வேறு, சமவெளிக்காரர் வேறு என்று இருந்தால் இருவருக்கும் நஷ்டம். தலைமடை கெட்ட பிறகு கடைமடையில் காத்திருந்து பயனில்லை.