எல்லாரும் தமிழ்ப்பிள்ளைகள்தானே… பிறகென்ன வேறுபாடு?



அண்மையில் ஆசிரியர்களுக்கான ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தேன். பல பண்பாட்டு மாணவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பறையை எப்படி நடத்துவது என்பதுதான் அன்றைய தலைப்பு. தேநீர் இடைவேளையில் மூத்த ஆசிரியர் ஒருவர் கறிபாப்பைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "இதெல்லாம் தேசியப் பள்ளிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. நமக்கு எதற்கு? நம் பள்ளியில் எல்லாரும் தமிழ்ப்பிள்ளைகள்தானே!" சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பத்தாண்டுகளுக்கு முன்பு என்றால் அவர்களோடு சேர்ந்து நானும் தலையசைத்திருப்பேன்.

இன்று அந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அது தவறான கருத்து மட்டுமன்று, பிள்ளைகளுக்குத் தீங்கு செய்யும் கருத்து.

நான் பணியாற்றுவது கேமரன் மலையின் வடகோடியில், கம்போங் ராஜா வட்டாரத்தில். சுற்றுப்பயணிகள் படம் பிடிக்கும் தேயிலைச் சரிவுகளுக்குப் பின்னால் லயத்து வீடுகள் உள்ளன. அவற்றைத் தாண்டினால் நெகிழிக் கூரை வேய்ந்த காய்கறித் தோட்டங்கள். அவற்றிற்கும் அப்பால், காட்டோரத்தில், செமாய் பூர்வகுடி மக்களின் கிராமங்கள். 1929ஆம் ஆண்டில் ரசல் என்ற ஆங்கிலேயர் இம்மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழர்கள் கூட்டங்கூட்டமாக மலையேறி வந்தது அதன் பிறகுதான். செமாய் மக்களோ அதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பிருந்தே இங்கு வாழ்கிறவர்கள். இன்று கொழுந்து பறிப்பவர்களில் நேப்பாளத்தவரும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் உள்ளனர். தோட்டத்தைவிட்டு வெளியேறிய தமிழர்களில் சிலர் சொந்தமாகக் காய்கறி பயிரிடுகிறார்கள், சிலர் லாரி ஓட்டுகிறார்கள், சிலர் பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் கடை போடுகிறார்கள்.

இந்த மலையில் ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பறையை உற்றுப் பாருங்கள். மாரியம்மன் திருவிழாவுக்குத் தீ மிதிக்கும் வீட்டுப் பிள்ளை இருப்பாள். ஞாயிறுதோறும் தேவாலயம் செல்லும் பிள்ளை இருப்பான். வீட்டில் தெலுங்கு பேசும் பாட்டியிடம் வளர்பவள் ஒருத்தி. தந்தை தமிழராகவும் தாய் செமாய்ப் பெண்ணாகவும் உள்ள பையன் ஒருவன். சனி, ஞாயிறு இரவுகளில் பெற்றோருடன் சந்தையில் நின்றுவிட்டுத் திங்கட்கிழமை மேசையில் தலை சாய்ப்பவன் இன்னொருவன். பதிவேட்டில் 'இந்தியர்' என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். எழுதிவிட்டால் எல்லாரும் ஒன்றாகிவிடுவார்களா?

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் முடித்து, இடைநிலைப்பள்ளிப் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு வயது பதின்மூன்று. எந்த ஊர், எந்தப் பள்ளி என்பது வேண்டாம். கணித ஆசிரியர் பாடத்தை விளக்கிவிட்டு என்னைப் பார்த்துப் "பஹாம்?" என்று கேட்டார். புரிந்தது என்பதற்கு நம் வீடுகளில் எப்படித் தலையாட்டுவோம்? அப்படித்தான் இடமும் வலமுமாக ஆட்டினேன். அவர் அதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டார். மீண்டும் விளக்கினார். மீண்டும் கேட்டார். மீண்டும் ஆட்டினேன். மூன்றாம் முறை அவர் முகம் சிவந்தது. கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலும்! கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்டேன். ஆண்டு முழுவதும் அங்கேதான் இருந்தேன். எனக்குக் கணக்குத் தெரியும் என்பதை அவர் அறிந்தது ஆண்டிறுதித் தேர்வுத்தாளில்தான்.

அந்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். அவர் வளர்ந்த வீட்டில் அப்படித் தலையாட்டுவோர் எவரும் இல்லை, அவ்வளவுதான். இந்தக் கதையை நண்பர்களிடம் சொல்லும்போதெல்லாம், "பார்த்தீர்களா, நம் பிள்ளைகளை அவர்களுக்குப் புரிவதே இல்லை" என்று கொதிப்பார்கள். தைப்பூசத்துக்கு மொட்டையடித்த பையனை விசாரித்தது, கையில் கட்டிய கறுப்புக் கயிற்றை அறுக்கச் சொன்னது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால், நாம் என்ன செய்கிறோம்?

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் வீட்டில் பொங்கல்' என்று கட்டுரை கொடுக்கிறோம். கிறித்துவப் பிள்ளை ஒருத்தி மூன்று வரி எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். 'கற்பனை வளம் போதாது' என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். அவள் வீட்டில் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதத் தெரியவில்லை என்பதற்கா அந்தச் சிவப்பு மை? தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்காக மூன்று நாள் வராத பிள்ளையின் பெற்றோரைப் 'பொறுப்பற்றவர்கள்' என்கிறோம். தரைநாட்டு நகரங்களில் வளர்ந்த நம்மில் பலருக்கு, அந்தத் திருவிழாதான் சிதறிப்போன உறவுகள் ஆண்டுக்கு ஒருமுறை லயத்துக்குத் திரும்பும் நாள் என்பது தெரிவதில்லை. திங்கட்கிழமை தூங்குகிறவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயர். அவன் முந்தைய இரவு பதினொரு மணிவரை சோளம் அவித்து விற்றுக்கொண்டிருந்தான் ஐயா!

தமிழராகிய நாமே தமிழ்ப்பிள்ளைகளை இப்படிப் பார்க்கிறோம் என்றால், செமாய்த் தாய்க்குப் பிறந்த பிள்ளை நம்மிடம் என்ன பாடுபடுவான்? அந்தப் பாட்டைக் கொடுத்தவனே நான்தான்.

அவன் இரண்டாம் ஆண்டு மாணவன். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். அதட்டினால் தரையைப் பார்ப்பான். "என்னை நிமிர்ந்து பார்!" என்றால் இன்னும் குனிவான். ஒரு நாள் பொறுமையிழந்து, நாற்பது பேர் நடமாடும் நடைவழியில் அவனை நிற்க வைத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஐந்தாம் நாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன்.

தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். என்னைக் கண்டதும் பதறிப்போனார். "மன்னிச்சிருங்க வாத்தியாரே, நாளைக்கு நாலு போடு போட்டு நானே இழுத்துக்கிட்டு வர்றேன்" என்றார். தாய் ஒன்றும் பேசாமல் பையனை உள்ளே அழைத்துக்கொண்டு போய்விட்டார். கிராமத்திலிருந்து வந்திருந்த பாட்டி வாசற்படியில் அமர்ந்திருந்தார். அவர் மலாயில் மெதுவாகச் சொன்னார்: "அவனுக்கு மனம் வரவில்லை, சிக்கு. மனம் வந்தால் வருவான்." பிள்ளைக்கு இப்படிச் செல்லம் கொடுத்தால் எங்கே உருப்படும் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன்.

எனக்கு விவரம் தெரிந்தது பின்னர்தான். ராபர்ட் டென்டன் என்ற மானிடவியலாளர் செமாய் மக்களிடையே வாழ்ந்து எழுதிய நூல் 1968இல் வெளிவந்தது. செமாய் வீட்டில் பெரியவர்கள் பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதில்லை என்கிறார் அவர். ஒன்றைச் செய்ய மனமில்லை என்று பிள்ளை சொல்ல அவர்களிடம் ஒரு சொல்லே இருக்கிறதாம்: 'பூட்'. பிள்ளை அதைச் சொல்லிவிட்டால் பெற்றோர் வற்புறுத்துவதில்லை. அடிப்பது, அதட்டுவது, ஒருவரைத் தம் விருப்பத்துக்கு வளைப்பது எல்லாம் அவர்கள் பார்வையில் பெரும் பிழைகள். இன்னொன்றும் நான் அறிந்திருக்க வேண்டும். செமாய் மொழி ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது, மலாய்மொழி வேறு குடும்பம். 'பூர்வகுடிப் பிள்ளைதானே, மலாய் தெரிந்திருக்கும்' என்று நினைத்தேனே, அவன் தாய்மொழிக்கு மலாயும் அயல்மொழி, தமிழும் அயல்மொழி! தந்தையோ காலையில் தொழிற்சாலைக்குப் போனால் இரவில்தான் திரும்புவார். ஏழு வயதில் மூன்று மொழிகளுக்கு நடுவே நின்றவனை 'ஊமை' என்று நான் ஆசிரியர் அறையில் நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சிரிப்பு இன்றும் காதில் கேட்கிறது.

கம்போங் ராஜாவிலிருந்து லோஜிங் வழியாகக் கிளந்தானுக்கு இறங்கும் நெடுஞ்சாலையை அனைவரும் அறிவீர்கள். அது சென்று சேரும் குவா மூசாங் மாவட்டத்தில் போஸ் தோஹோய் என்ற பூர்வகுடிக் குடியிருப்பு உள்ளது. 2015 ஆகஸ்டில் அங்குள்ள பள்ளி விடுதியிலிருந்து ஏழு முதல் பதினொரு வயதுக்குட்பட்ட ஏழு பிள்ளைகள் காட்டுக்குள் ஓடினார்கள். ஆற்றில் குளித்ததற்காகத் தண்டனை கிடைக்கும் என்று அஞ்சியே ஓடினார்கள் என அப்போதைய செய்திகள் கூறின. 47 நாள்களுக்குப் பிறகு இரண்டு சிறுமிகள் மட்டும் உயிருடன் மீட்கப்பட்டனர். மற்ற ஐவரும் திரும்பவில்லை. அவர்கள் தெமியார் பிள்ளைகள், செமாய் மக்களுக்கு நெருங்கிய இனத்தார். ஆற்றில் குளிப்பது அவர்கள் வீட்டில் குற்றமன்று, அன்றாடம். விடுதிக்கு ஒழுங்கு வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளை அதட்டலுக்குப் பழகியவன், திட்டினால் அழுதுவிட்டு மறுநாள் வருவான். அதட்டலே அறியாத வீட்டுப் பிள்ளைக்கு நம் சிறு மிரட்டல் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதை அளக்க நம்மிடம் என்ன கோல் இருக்கிறது? அந்தச் செய்தியைப் படித்த அன்று, நடைவழியில் நிற்க வைத்தவன் ஐந்து நாள் வீட்டில்தான் இருந்தான் என்பதை எண்ணி நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

மறுப்புகள் வரும் என்பது தெரியும். "பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை, கோப்பு நிரப்பவே நேரமில்லை, இதில் ஒவ்வொரு பிள்ளையின் பூர்வீகத்தையும் ஆராய்வதா?" என்பார்கள். அந்தப் பையனை அதட்டுவதில் நான் வீணாக்கிய பாடவேளைகளைக் கூட்டினால் பல வாரங்கள் வரும். வீட்டுக்குச் சென்றுவர எனக்கு ஆனது ஒரு மாலைப்பொழுது. "யூபிஎஸ்ஆர் இருந்தவரை தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு நெருக்கினார்கள்" என்ற சாக்கும் இனிச் செல்லாது. அந்தத் தேர்வு 2021இலேயே அகற்றப்பட்டுவிட்டது.

"அப்படியானால் யாரையும் கண்டிக்கக் கூடாதா?" என்பது அடுத்த கேள்வி. கண்டிக்கலாம். அந்தப் பையனும் ஒரு நாள் நாலு பேர் முன்னால் நின்று பேசித்தான் ஆக வேண்டும். புரிந்துகொள்வது வேறு, விட்டுவிடுவது வேறு. நான் செய்தது இதுதான்: அவனைத் தனியே எழுப்புவதை நிறுத்தினேன். அருகில் இருந்த தோழனுக்கு மட்டும் வாசித்துக் காட்டச் சொன்னேன். பிறகு மூவர் குழு. பல வாரம் உதடு மட்டும் அசைந்தது. ஒரு நாள் குரல் வந்தது. மறுநாள் வரவில்லை, நானும் கேட்கவில்லை. இதில் அற்புதம் ஒன்றுமில்லை. இன்னொரு பக்கமும் உண்டு. 'செமாய்ப் பிள்ளை என்றால் அமைதியானவன்' என்று புத்தகத்தைப் படித்துவிட்டு முத்திரை குத்துவதும் அறியாமைதான். திடலில் பந்தைக் கண்டால் அவனைப் போலக் கத்துகிறவன் பள்ளியிலேயே இல்லை!

பெற்றோர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "வேறு இனப் பிள்ளைகளைச் சேர்த்தால் நம் பிள்ளைகளின் தமிழ் கெட்டுவிடாதா?" என்று கேட்டார். நம் தோட்டப் பள்ளிகள் எப்படிப் பிறந்தன? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அதனால் மாட்டுக்கொட்டகை போன்ற ஒற்றை அறைகளில், கணக்கப்பிள்ளைகளே வாத்தியார்களாக நின்று தொடங்கிய பள்ளிகள் பல. கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று எள்ளியவர்கள் நடுவில் எழுந்த பள்ளிகள் அவை. அதே பள்ளியின் வாசலில் நின்றுகொண்டு, இன்னொருவர் பிள்ளையைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு நமக்கு எப்படி மனம் வருகிறது? மாணவர் எண்ணிக்கை குறைந்து, இரண்டு ஆண்டுகளை ஓர் அறையில் சேர்த்து நடத்தும் பள்ளிகளுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் வசதிகூட இல்லை. அது வேறு கதை.

ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளுக்கு வேட்டியும் பாஜு மெலாயுவும் சியோங்சாமும் அணிவித்து மேடையேற்றிவிட்டுப் 'பண்பாட்டு நாள் சிறப்பாக நடந்தேறியது' என்று அறிக்கை எழுதுகிறோம். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. மலைக்குப் புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியரை முதல் வாரத்தில் கோப்புகளோடு உட்கார வைக்காமல், லயத்துக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் பூர்வகுடிக் கிராமத்துக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள் என்று தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். செலவு, வண்டிக்கு எண்ணெய் மட்டும்தான்.

அந்தப் பையன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். சென்ற மாதம் கடைத்தெருவில் என்னைக் கண்டு ஓடி வந்தான். "அங்க கேள்வி கேட்டா உடனே எழுந்து பதில் சொல்லணும் ஐயா. எழுந்துடுறேன். பேச்சுத்தான் வரமாட்டேங்குது" என்றான். எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன். "கடைசி" என்றான். அன்றிரவே அவனுடைய வகுப்பாசிரியருக்கு மலாயில் இரண்டு பக்கம் கடிதம் எழுதி, மறுநாள் அவன் தந்தையிடம் கொடுத்தனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் நேரில் போவதாக இருக்கிறேன்.